அம்மாவுக்கு 18 என்றார்கள், பிறகு 6 என்றார்கள்: எதை நம்புவது?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 76 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது சுங்கை சிப்புட்டில் தம்பியோடு தாமான் வீட்டில் இருக்கிறார். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இனிப்பு நீரும் இளைப்பும் உண்டு. இரவு இரண்டு மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார்ந்துவிடுகிறார். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தம்பி வேலை முடிந்து வர அரை மணி நேரம் தாமதமானாலும் வாசலிலேயே நிற்கிறார். கிளினிக்கில் மனநிலை பற்றிய கேள்விகள் கொண்ட ஒரு பாரம் (படிவம்) மலாயில் கொடுத்தார்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நிரப்பினார். பதற்றம் 18, ‘தீவிரம்’ என்று வந்தது. ஆறு வாரம் கழித்து வேறொரு இடத்தில் ஏழு கேள்வி கொண்ட ஆங்கிலப் பாரம். இந்த முறை நீங்கள் தமிழில் கேட்டீர்கள். 6, ‘லேசானது’ என்றார்கள். எது சரி, வயதானவர்களுக்கென்று நம்பகமான சோதனை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அம்மாவுக்கு வந்திருப்பது நோயா, துக்கமா, வயதா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எந்தப் பாரமும் தனியாகப் பதில் சொல்லாது. முதல் இரண்டுக்கும் என்னால் ஓரளவு தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

நான் மருத்துவ உளவியலாளர். இருபது வருடங்களுக்கு மேலாக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் முதியவர்களைப் பார்த்து வருகிறேன். வளர்ந்ததும் தோட்டத்து லயத்தில்தான். உங்கள் அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இன்னதுதான் என்று நான் சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சாகிவிடும். அந்த 18-ம் 6-ம் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் விளக்குகிறேன்.

உங்களை வாட்டும் முதல் விஷயம், ஒரே அம்மாவுக்கு 18-ம் வந்திருக்கிறது 6-ம் வந்திருக்கிறது என்பது. இவை ஒரே அளவுகோலில் வந்த எண்கள் அல்ல. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், கிளினிக் பாரம் டாஸ்-21. மொத்தம் 21 கேள்வி. மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஏழு. 1995-ல் சிட்னியில் உருவானது. 2007-ல் ராம்லி மூசா குழுவினர் மலாயில் கொண்டு வந்தார்கள். அதில் வரும் கூட்டலை இரண்டால் பெருக்குவார்கள். ஆகவே அந்த 18 என்பது 42-க்கு 18. உண்மையில் அம்மா சொன்ன பதில்களின் கூட்டல் 9 மட்டும்தான். அந்த அளவுகோலில் 15 முதல் 19 வரை ‘தீவிரம்’. இரண்டாவது பாரம் ஜிஏடி-7. 2006-ல் ஸ்பிட்சர், குரோங்கே குழுவினர் வெளியிட்டது. மொத்தம் 21, அதில் 5 முதல் 9 வரை ‘லேசானது’. ஒன்று போன ஒரு வாரத்தைக் கேட்கிறது, மற்றது போன இரண்டு வாரத்தைக் கேட்கிறது. நடுவில் ஆறு வார இடைவெளி வேறு. இனி முக்கியமான ஒன்று: ஜிஏடி-7-ல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கவனிக்க வேண்டும் என்ற வழக்கமான கணக்கு எல்லா வயதினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது. முதியவர்களை மட்டும் வைத்து ஜெர்மனியில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், அந்தக் கோட்டை 5-க்கு இறக்கினால்தான் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் ஓரளவாவது பிடிபடுகிறார்கள் என்று வந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவின் 6 ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லவில்லை. இரண்டு பாரமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இவரை ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் ஒன்றில் ‘தீவிரம்’ என்று ஏன் வந்தது? கேள்விகளைப் பாருங்கள். டாஸ்-21-ன் பதற்றப் பகுதியில் உள்ள ஏழில் நான்கு உடம்பைப் பற்றியவை: வாய் உலர்ந்து போனதா, மூச்சு விடச் சிரமமா, கை நடுங்கியதா, வேலை எதுவும் செய்யாமலேயே நெஞ்சு அடித்துக்கொண்டதா. பல்கலைக்கழக மாணவனிடம் கேட்டால் இவை பதற்றத்தின் நல்ல அறிகுறிகள். 76 வயதில், இனிப்பு நீரும் இளைப்பும் உள்ள ஒருவரிடம் கேட்டால்? சர்க்கரை ஏறினாலே வாய் உலரும். இளைப்பு இருந்தால் மூச்சு வாங்கும். இளைப்புக்கு அடிக்கும் சால்பியூட்டமால் கையை நடுங்க வைக்கும், நெஞ்சையும் படபடக்க வைக்கும். வாய் உலர்வுக்கு 3, மூச்சுக்கு 2, நடுக்கத்துக்கு 2, படபடப்புக்கு 2. கூட்டினால் 9, இரண்டால் பெருக்கினால் 18. மனம் ஒரு வார்த்தையும் பேசாமலேயே ‘தீவிரம்’ வரை போய்விடலாம். உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாரம் இன்னும் கிளினிக்கில் இருந்தால், எந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மொத்த எண்ணைவிட அது பத்து மடங்கு பயன் தரும். 1988-ல் வந்த பெக் பதற்ற அட்டவணைக்கும் இதே குறை உண்டு. அதில் உள்ள 21 அறிகுறிகளில் பெரும்பாலானவை உடம்பைச் சேர்ந்தவை. ஜிஏடி-7-ல் அந்த வகைக் கேள்விகள் அநேகமாக இல்லை. அது கவலையையும் நிலைகொள்ளாமையையும் எரிச்சலையும் கேட்கிறது. அதனால் அதில் எண் இறங்கி வந்ததில் வியப்பில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பதற்றம் போலவே தோன்றும் உடல் நோய்கள் பல. தைராய்டு கூடுதலாகச் சுரப்பது, இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது, ரத்தச் சோகை, சர்க்கரை திடீரென இறங்குவது, சளி மாத்திரையில் உள்ள சில மருந்துகள், தினமும் நான்கு கோப்பி, வருடக்கணக்காகப் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது. பல வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியை என்னிடம் அனுப்பினார்கள். திடீர் திடீரென்று வேர்த்துக்கொட்டி, கை வெடவெடத்து, ‘உயிரே போயிடும் போல இருக்கு’ என்பார். பாரத்தில் எண்ணும் உயரமாகவே வந்தது. எந்தெந்த நாளில் வருகிறது என்று காலண்டரை வைத்துக்கொண்டு பேசியபோதுதான் தெரிந்தது, அத்தனையும் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும். அன்றைக்கு விரதம். பசியாறாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார். மருத்துவர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார், ‘பதற்றம்’ போய்விட்டது. அதற்குப் பிறகு, சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் எந்த முதியவரிடமும் விரதம் பற்றிக் கேட்காமல் நான் பாரத்தைத் தொடுவதில்லை. உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள்.

இனி, முதியவர்களுக்கென்றே செய்த சோதனை உண்டா என்ற கேள்வி. உண்டு. நான் அதிகம் மதிப்பது 2007-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நான்சி பச்சானா, ஜெரார்ட் பைர்ன் குழுவினர் உருவாக்கிய முதியோர் பதற்ற வினாநிரல். ஜிஏஐ என்று சுருக்கிச் சொல்வோம். இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டே பதில். கடந்த ஒரு வாரத்தைத்தான் கேட்கும். செய்தவர்கள் வேண்டுமென்றே உடல் அறிகுறிகளைக் குறைத்தார்கள். ‘இல்லவே இல்லை’, ‘சில சமயம்’, ‘பல சமயம்’, ‘அநேகமாக எப்போதும்’ என்று நான்கு படி வைத்தால் முதியவர்கள் திண்டாடுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டப்புறத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மூன்றாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பாட்டியிடம் ‘பல சமயமா, பெரும்பாலான சமயமா’ என்று கேட்டால், அவர் நம் முகத்தைப் பார்ப்பார், நமக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பார். ஆமாவா இல்லையா என்று கேட்டால் பதில் வந்துவிடும். இதிலிருந்து ஐந்து கேள்வியை மட்டும் எடுத்து 2011-ல் ஒரு குறுவடிவமும் வந்தது. அதில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இன்னொன்று 2010-ல் அமெரிக்காவின் கொலராடோவில் டேனியல் சீகல் குழுவினர் செய்த முதியோர் பதற்ற அளவுகோல். 30 கேள்வி, உடம்பு, எண்ணம், உணர்வு மூன்றையும் தனித்தனியாக எண்ணித் தரும். பணம், உடல்நலம், பிள்ளைகள் என்று எதைப் பற்றிய பயம் என்று கேட்கும் ஐந்து கேள்விகள் கூட்டலில் சேராது, ஆனால் பேச்சைத் தொடங்க அருமையான வாசல் அவை. உடம்பும் மனமும் பின்னிக் கிடக்கும் ஆளுக்கு இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் உதவியிருக்கிறது.

‘நம்பகமான’ என்று நீங்கள் எழுதிய சொல்லுக்கு எங்கள் துறையில் ஒரு குறிப்பான பொருள் உண்டு. தராசில் ஒரே அரிசி மூட்டையைப் பத்து முறை வைத்தால் பத்து முறையும் ஏறக்குறைய ஒரே எடை காட்ட வேண்டும். அதுதான் நம்பகம். காட்டும் எடை சரியான எடைதானா, அல்லது தராசு எப்போதும் ஒரே அளவு கூட்டியே காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பெயர் செல்லுபடி. உடம்பு வலியையே ஒவ்வொரு முறையும் பதற்றம் என்று எண்ணும் பாரம் மிகவும் நம்பகமானதாக இருக்கலாம். ஆனால் செல்லுபடியாகாது. ஜிஏஐ-யின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குணகம், வெளியில் சாதாரணமாக வாழும் முதியவர்களிடம் 0.91 என்றும் மனநலப் பிரிவுக்கு வந்த முதியவர்களிடம் 0.93 என்றும் வந்தது. 1-தான் உச்சம். ஆகவே இது நல்ல எண். ஆனால் இந்த அளவு நல்ல எண்ணிலும் ஆட்டம் உண்டு. ஒரு கூட்டத்தில் மதிப்பெண்கள் பரவியிருக்கும் அளவான திட்ட விலக்கம் 6 என்றும் குணகம் 0.91 என்றும் வைத்துக்கொண்டால், ஒருவரின் மதிப்பெண் இரு பக்கமும் மூன்றரை வரை தானாகவே ஆடலாம். இரண்டு முறை எடுத்த மதிப்பெண்களை ஒப்பிடும்போது ஆட்டம் இன்னும் பெரிது, கிட்டத்தட்ட 5. போன மாதம் 11, இந்த மாதம் 8 என்றால் குணமாகி வருகிறார் என்று சந்தோஷப்பட அதுமட்டும் போதாது. 8, 11 ஆனால் மோசமாகிவிட்டார் என்று அழவும் அதுமட்டும் போதாது. குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் பாதி பயம் குறையும். மனநலப் பிரிவுக்கு வந்த முதியவர்களிடம் ஜிஏஐ-யில் 11-ம் அதற்கு மேலும் வந்தவர்களைக் கோட்டுக்கு மேல் என்று வைத்தபோது, பொதுப் பதற்றக் கோளாறு உண்மையில் இருந்தவர்களில் 75 சதவீதத்தினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 84 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. இதே சோதனையை நம் ஊரில் 1000 முதியவர்களுக்குக் கொடுக்கிறோம், அவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே அந்தக் கோளாறு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோதனை 75 பேரைப் பிடிக்கும், 25 பேரைத் தவறவிடும். நலமாக உள்ள 900 பேரில் 144 பேரையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆக 219 பேருக்கு ‘இருக்கிறது’ என்று வரும், அவர்களில் உண்மையில் இருப்பது 75 பேருக்கு. மூன்றில் ஒருவர்தான். இவை சல்லடை போன்றவை. நேர்காணல் செய்கிற ஒரு மருத்துவரோ உளவியலாளரோ அதற்குப் பின்னால் இருந்தால்தான் சல்லடைக்குப் பயன் உண்டு.

இதுவரை சொன்னவை எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. இனிச் சொல்லப் போவது கொஞ்சம் என் அனுபவம், கொஞ்சம் என் கருத்து. ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு முறை தம்பி மலாயிலிருந்து மொழிபெயர்த்தார், இன்னொரு முறை நீங்கள் ஆங்கிலத்திலிருந்து. அப்போது அம்மாவின் காதில் விழுந்த தமிழ்ச் சொல் எது? ‘கவலை’ என்று கேட்டிருந்தால் ஒரு பதில் வந்திருக்கும், ‘பயம்’ என்றால் வேறு பதில், ‘படபடப்பு’ என்றால் இன்னொன்று. நம் மொழியில் ‘கவலை’ இரண்டு வேலை செய்கிறது. நடந்ததை நினைத்து மனம் கனத்துக் கிடப்பதும் கவலைதான், நாளைக்கு என்ன ஆகுமோ என்று அடித்துக்கொள்வதும் கவலைதான். கணவரை இழந்து எட்டு மாதமான ஒரு பெண்ணிடம் ‘ரொம்பக் கவலைப்படுறீங்களாம்மா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றுதானே சொல்வார்? அதைப் பதற்றத்துக்கு மதிப்பெண்ணாக எழுதினால் துக்கத்தை அளந்து பதற்றம் என்று பெயர் வைத்தவர்களாவோம். நம் பாட்டிமார்கள் எதிர்காலப் பயத்தைச் சொல்லும்போது ‘யோசனை’ என்பார்கள். ‘ராத்திரியெல்லாம் ஒரே யோசனை’, ‘யோசனை ஓயமாட்டேங்குது’. கேள்வியில் அந்தச் சொல் வந்தால் முகம் மாறும், பேச்சு தானாக வரும். மற்றபடி ‘மனசு ஒரு நிலையில் இல்லை’, ‘திக்கு திக்குங்குது’, ‘வயித்தைப் பிசையுது’ என்பவையெல்லாம் அவர்கள் சொல்லும் வடிவங்கள். மலாய்ப் பாரத்தில் பதறிப் போவதைக் குறிக்கும் ‘செமாஸ்’ என்ற சொல்லை ஒரு பிள்ளை அந்த நிமிடத்தில் எப்படி மாற்றிச் சொல்வான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பாரத்தை முறையாக மொழிபெயர்ப்பதென்றால், ஒருவர் தமிழாக்க வேண்டும், அதைப் பார்க்காத இன்னொருவர் அதை மூல மொழிக்குத் திருப்ப வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். அப்புறம் சில முதியவர்களிடம் படித்துக் காட்டி ‘இதில் என்ன கேட்கிறார்கள்?’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். கடைசியாக, முழு நேர்காணலோடு பொருத்திப் பார்த்து இங்குள்ளவர்களுக்கான கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கண்ட 11, பேராக்கில் பால்மரம் வெட்டிய ஒருவருக்கும் 11-ஆகத்தான் இருக்கும் என்று கொள்ள எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது, யார் முன்னால் கேட்டார்கள் என்பது. தம்பி பக்கத்தில் இருந்தார். ‘காரணமே இல்லாமல் பயமாக இருந்ததா?’ என்று கேட்டால், தன்னைச் சோறு போட்டுப் பார்க்கிற மகன் காதுபட எந்தத் தாய் ஆமாம் என்பார்? பலர் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்பார்கள். உடம்புக் கேள்விகளுக்கு மட்டும் தயங்காமல் பதில் வரும். இதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே இருக்கிறது என்பது என் எண்ணம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, இன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்றால் டிரெஸர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் நம்பும்படி ஏதாவது சொல்ல வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி என்றால் எழுதிக் கொடுப்பார். மனசு சரியில்லை என்றால் யார் எழுதிக் கொடுத்தார்கள்? அப்படியே வளர்ந்த தலைமுறை, மனத்தின் நோவை உடம்பின் மொழியில் சொல்லப் பழகிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. பேராக்கில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குத் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல. 1911-ல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை இன்றும் நல்லபடியாக நடக்கிறது. ஆனால் ‘அங்கே கொண்டுபோய் விட்டுடுவாங்க’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்திய ஊர் நம்முடையது. மனசைப் பற்றி யாராவது பாரம் நீட்டினால் அந்தப் பேச்சுதான் அவர்களுக்கு நினைவில் வரும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் சிலர், எந்தத் தாளிலும் கையெழுத்து என்றாலே விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் முதியவர்களைத் தனியாக, அவர்கள் பேச்சுத் தமிழில், முதல் கால் மணி நேரம் எந்தத் தாளையும் எடுக்காமல் பார்க்கிறேன். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு எழுந்து போவீர்கள், எவ்வளவு மரம் என்று கேட்டாலே போதும், கை நடுக்கம் பேச்சோடு அடங்குகிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

எந்தப் பாரமும் சரியாகப் பிடிக்காத சிலவும் உண்டு. அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார் என்றீர்கள். எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அவர் எப்போதாவது விழுந்தாரா அல்லது தெரிந்தவர் யாராவது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததா என்பதுதான். விழுந்துவிடுவோமோ என்ற பயம் முதியவர்களின் பதற்றத்தில் மிகப் பெரிய பங்கு. ஜிஏடி-7 அதைக் கேட்பதேயில்லை. அதற்கென்று 2005-ல் வந்த, 16 கேள்வி கொண்ட தனி அளவுகோல் உண்டு. பயம் தரும் இடத்துக்குப் போகாமலேயே இருந்துவிட்டால் பயமும் வராது. அப்போது பாரத்தில் எண் தாழ்ந்துதான் வரும். எண் குறைந்திருக்கிறது, ஆனால் அம்மாவின் உலகம் வீட்டு வாசல்வரை சுருங்கிவிட்டது என்றால், நான் எண்ணை நம்பமாட்டேன், வாசலைத்தான் நம்புவேன். அப்புறம் உண்மையான காரணம் உள்ள கவலைகள். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் கையில் உள்ள ஒரு தாத்தா என்னிடம் பதற்றச் சோதனையில் 14 வாங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரையல்ல. உங்கள் வீட்டில் துக்கமும் இருக்கிறது. எவ்வளவு காலம் வரை அது இயல்பான துக்கம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நீளும் துக்கத்தைக் கோளாறு என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் என்கிறது, 2022-ல் திருத்திய அமெரிக்க வகைப்பாடு ஒரு வருடம் என்கிறது. எட்டு மாதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதில் அவசரப்பட்டுப் பெயர் வைக்க நான் விரும்பமாட்டேன். ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் முதுமையில் அடிக்கடி கைகோத்தே வரும். அதனால் சோர்வுக்கான முதியோர் அளவுகோலையும் கூடவே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஞாபகம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது, அடுப்பை அணைக்க மறப்பது, பணத்தை எண்ணத் தடுமாறுவது இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஞாபகம் குறைந்த ஒருவரிடம் ‘போன வாரம் எப்படி இருந்தீர்கள்’ என்று கேட்டு வாங்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. அதற்காகவே 1999-ல் வந்த ரெய்ட் என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் முதியவர், பார்த்துக்கொள்கிறவர் இருவரிடமும் கேட்டு, கண்ணால் பார்த்ததையும் சேர்த்து, பரிசோதிப்பவர் மதிப்பெண் போடுவார். 11-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய பதற்றம் என்று கொள்வார்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த அப்பாயின்மெண்ட் வரை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், படபடப்பு எப்போது வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார், இளைப்பு மருந்தை எத்தனை முறை அடித்தார், வெளியே எங்கே போனார், எதற்குப் போக மறுத்தார். படபடப்பு வரும் நேரத்தில் வீட்டில் மீட்டர் இருந்தால் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். குறைந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தைராய்டு, ரத்தம், இசிஜி பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இரவில் தூங்காத முதியவருக்குத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பென்சோடயசிபின் வகை மாத்திரைகள் 65 வயதுக்கு மேல் விழுவதற்கும் எலும்பு முறிவுக்கும் ஞாபகக் குழப்பத்துக்கும் வழி செய்வதால், கூடியவரை தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. நீங்களாகக் கேட்காதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பேச்சு வழிச் சிகிச்சையும் வேறு மருந்துகளும் இருக்கின்றன, இரண்டும் முதியவர்களுக்குப் பலன் தருகின்றன. கிளினிக்கிலிருந்து குடும்ப மருத்துவ நிபுணரிடமோ மெந்தாரி என்ற அரசாங்கச் சமூக மனநல மையத்துக்கோ எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். தனியாரிடம் போவதாக இருந்தால், மருத்துவ உளவியலாளர் 2016-ம் ஆண்டு துணை சுகாதாரத் தொழிலர் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, தமிழில் பேசுவாரா என்று கேளுங்கள். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. அம்மா ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்பது போல ஒரு வார்த்தை சொன்னாலும் அப்பாயின்மெண்ட் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.

அங்கே மறுபடியும் பாரம் கொடுத்தால், தம்பியையும் உங்களையும் வெளியில் இருக்கச் சொல்லி, தமிழ் பேசும் ஒரு மிஸ்ஸியோ (தாதியோ) உளவியலாளரோ வாசித்துக் கேட்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். எந்தப் பாரம், யார் கேட்டார்கள், என்ன மொழி, காலையா மாலையா, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கி ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து அதே பாரத்தை, அதே ஆளிடம், அதே சொற்களில் எடுக்கச் சொல்லுங்கள். அப்போது வரும் இரண்டாவது எண்ணை முதல் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். அதற்குள் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை தானாகப் புடவை மாற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால், அதையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள்.